பேசாமல் சொன்ன வாதங்கள்: அமெரிக்க நிறவெறியும் உடலின் மொழியும்

1917 ஜூலை 28 அன்று நியூயார்க் நகரத்தின் ஐந்தாவது அவென்யூ வழியாக ஏறக்குறைய 10,000 கறுப்பின மக்கள் நடந்து போனார்கள். முன்வரிசைகளில் குழந்தைகள், அடுத்து வெள்ளை உடையில் பெண்கள், கடைசியில் கருநிற உடையில் ஆண்கள். கோஷமும் இல்லை, பாட்டும் இல்லை. ஓசை மட்டுப்படுத்தப்பட்ட முரசுகளின் அதிர்வு மட்டும் கேட்டது. அந்த மாதத் தொடக்கத்தில்தான் இலினாய் மாநிலத்தின் கிழக்கு செயின்ட் லூயிஸ் நகரத்தில் வெள்ளையர் கும்பல்கள் கறுப்பினக் குடியிருப்புகளுக்குத் தீ வைத்து மக்களைக் கொன்றிருந்தன. அரசுக் கணக்கில் இறந்த கறுப்பினத்தவர் 39 பேர். உண்மையில் நூற்றுக்கும் மேல் இருக்கும் என்று வரலாற்றாசிரியர்கள் பலர் கருதுகிறார்கள். அந்தக் கொலைகளுக்கும் தென்மாநிலங்களில் நடந்துவந்த கும்பல்கொலைகளுக்கும் எதிரான ஊர்வலம் இது.

ஏற்பாடு செய்தவர்கள் சொல்லுக்குப் பஞ்சப்பட்டவர்கள் அல்லர். ஜேம்ஸ் வெல்டன் ஜான்சன் கவிஞர். அமெரிக்கத் தூதரக அதிகாரியாக வெளிநாடுகளில் பணியாற்றியவர். டபிள்யூ.ஈ.பி. டு பாய்ஸ் அந்நாளின் மிகக் கூர்மையான கட்டுரையாளர்களில் ஒருவர். நாவும் பேனாவும் இத்தனை வலுவாக இருந்தவர்கள் வாய் திறக்காமல் நடப்பது என்று ஏன் முடிவெடுத்தார்கள்?

கறுப்பினத்தவர் என்றாலே கட்டுப்பாடற்ற கூட்டம் என்ற சித்திரம் அன்று வெள்ளையர் பலரின் மனத்தில் பதிந்திருந்தது. அதை மறுத்து எத்தனை பக்கம் எழுதினாலும், 'அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்' என்று ஒதுக்கிவிட முடியும். ஆனால் வெள்ளை உடை அணிந்த சிறுமிகள் வரிசை குலையாமல் கண்ணெதிரே நடந்து போகும்போது ஒதுக்கித் தள்ளுவதற்கு அங்கே ஒரு வாக்கியமும் இல்லை. பார்ப்பவர் தம் மனத்திலுள்ள சித்திரத்தையும் தெருவில் காண்பதையும் தாமே ஒப்பிட்டுப் பார்த்தாக வேண்டும். கைகளில் பதாகைகள் இருந்தன என்பதையும் சொல்லிவிட வேண்டும். 'அம்மா, கும்பல்கொலை செய்பவர்கள் சொர்க்கத்துக்குப் போவார்களா?' என்று ஒரு பதாகை கேட்டது. சொல்லற்ற பேச்சு பல நேரங்களில் ஓரிரு சொற்களைத் துணைக்கு வைத்துக்கொள்ளும்.

பிறர் மனத்தை இணங்கவைக்கும் கலையை நாம் சொல்வன்மை என்கிறோம். வள்ளுவர் அதற்கென ஓர் அதிகாரமே வகுத்தார். கிரேக்கத்தில் அரிஸ்டாட்டில் அதே கலையை விளக்கும்போது, எந்தச் சூழலிலும் இணங்கவைப்பதற்குக் கைவசம் உள்ள வழிகளைக் கண்டுகொள்ளும் ஆற்றல் என்று வரையறுத்தார். 'கைவசம் உள்ள வழிகள்' என்பதைச் சற்றுக் கவனியுங்கள். பேச்சு அவற்றில் ஒன்று. உடை, நிற்கும் இடம், உட்காரும் விதம், பார்வை, மௌனம், வராமல் இருப்பது, ஒரு படத்தை வெளியிடுவது, வெளியிட மறுப்பது என்று மற்ற வழிகளும் உண்டு. தற்செயலாகச் செய்யும் சைகை வேறு. ஒருவர் பார்ப்பார், பார்த்தால் அவர் மனம் அசையும் என்று எண்ணிச் செய்யும் செயல் வேறு. இரண்டாவதைத்தான் இந்தக் கட்டுரை சொல்லற்ற வாதம் என்கிறது.

அமெரிக்காவின் கறுப்பின மக்கள் அளவுக்கு இந்தக் கலையை நுட்பமாக வளர்த்தவர்கள் குறைவு என்பது என் எண்ணம். அதற்குக் காரணம் அவர்கள்மீது திணிக்கப்பட்ட ஒடுக்குமுறையின் இயல்பிலேயே இருக்கிறது.

உடலுக்கு விதிக்கப்பட்ட இலக்கணம்

1896இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் தனித்தனி ரயில் பெட்டிகள் ஒதுக்கும் லூசியானா மாநிலச் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. அதன் பிறகு பள்ளி, மருத்துவமனை, குடிநீர்க் குழாய், கழிப்பறை, கல்லறை வரை பிரிவினை பரவியது. 'ஜிம் குரோ சட்டங்கள்' என்று அழைக்கப்பட்டவை இவை. எழுதப்பட்ட சட்டங்களைவிட எழுதப்படாத விதிகள் அதிகம். நடைபாதையில் வெள்ளையர் எதிரே வந்தால் ஒதுங்கி இறங்க வேண்டும். தொப்பியைக் கழற்ற வேண்டும். கைகுலுக்க முதலில் கை நீட்டக்கூடாது. வெள்ளையர் வீட்டுக்குப் பின்வாசல் வழியாகத்தான் போக வேண்டும். கறுப்பின ஆண் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணை நேருக்கு நேர் பார்த்தால் அது உயிருக்கே ஆபத்து. அலபாமாவின் மாண்ட்கமரி நகர பஸ்களில் முன்வாசலில் ஏறிக் கட்டணம் செலுத்திவிட்டு, இறங்கிப் போய்ப் பின்வாசல் வழியாக மறுபடியும் ஏறவேண்டியிருந்தது. அந்த இடைவெளியில் டிரைவர் பஸ்ஸை எடுத்துக்கொண்டு போய்விடுவதும் நடந்தது.

இவற்றில் எதையும் யாரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை. யாரைக் கண்டதும் தோளில் கிடந்த துண்டு இடுப்புக்கு இறங்கியது என்பதைக் கேட்டறிந்த தமிழ் வாசகருக்கு இது எளிதில் விளங்கும். குனிவதும் ஒதுங்குவதும் பார்வையைத் தாழ்த்துவதும் ஒரு வாக்கியத்தை நாள்தோறும் உடலால் சொல்லவைக்கின்றன: 'நான் உனக்குக் கீழே.' அந்த வாக்கியத்தைச் சொல்ல மறுக்க வேண்டுமானால் முதலில் மறுக்கவேண்டியது உடல்தான். நிமிர்ந்து நிற்பது, நகராமல் உட்கார்ந்திருப்பது, கண்ணைப் பார்ப்பது ஆகிய மூன்றும் வேறெங்கும் வெறும் செயல்கள். ஜிம் குரோ காலத்துத் தென்மாநிலங்களில் அவை எதிர்வாதங்கள்.

மண்டியிட்டவரும் நிமிர்ந்தவரும்

1787இல் இங்கிலாந்தில் அடிமை வணிகத்தை எதிர்த்த சங்கத்துக்காக, ஜோசையா வெட்ஜ்வுட் என்ற பீங்கான் உற்பத்தியாளர் ஒரு பதக்கம் தயாரித்தார். சங்கிலியால் பிணைக்கப்பட்ட கறுப்பின மனிதர் ஒருவர் ஒரு முழங்காலை ஊன்றி, கைகளைக் கூப்பி மேலே பார்க்கிறார். 'நான் மனிதன் இல்லையா, சகோதரன் இல்லையா?' என்ற வரி அவரைச் சுற்றி ஓடுகிறது. கனவான்கள் பொடி டப்பாக்களில் அதைப் பதித்துக்கொண்டார்கள். சீமாட்டிகள் கைவளையிலும் கொண்டை ஊசியிலும் அணிந்தார்கள். அந்தப் பதக்கம் நல்லது செய்தது என்பதில் ஐயமில்லை. ஆனாலும் அந்த உருவம் மன்றாடுகிறது. மேலே நின்று இரங்கவேண்டியவர் ஒருவர் இருக்கிறார் என்பதை அது ஒப்புக்கொண்டு விடுகிறது. விடுதலை கேட்கும் படத்திலும் கறுப்பின உடல் தாழ்ந்தே இருந்தது.

இதற்குப் பதில் தந்தவர் பிரடெரிக் டக்ளஸ். அடிமையாகப் பிறந்து, 1838இல் தப்பி ஓடி, அமெரிக்காவின் தலைசிறந்த பேச்சாளர்களில் ஒருவரானவர். மேடைப் பேச்சில் அவருக்கு ஈடு சொல்ல ஆள் குறைவு. ஆனாலும் அவர் ஒளிப்படத்தின் ஆற்றலைத் தம் சமகாலத்தவர் பலரையும்விட முன்னதாகப் புரிந்துகொண்டார். வெள்ளை ஓவியர்கள் கறுப்பின முகங்களை மிகைப்படுத்தாமல் வரைவது அரிது என்று 1849இலேயே எழுதினார். கேமராவுக்கு அந்த வழக்கம் இல்லை. தம் வாழ்நாளில் சுமார் 160 படங்களுக்கு அவர் அமர்ந்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் மிக அதிகமாகப் படமெடுக்கப்பட்ட மனிதர் அவர்தான் என்பார்கள். கச்சிதமான கோட்டு, வாரிய தலைமுடி, இறுகிய வாய். சிரிப்பு கிட்டத்தட்ட எங்குமே இல்லை. சிரித்துக்கொண்டு எஜமானனுக்குச் சேவகம் செய்யும் 'மகிழ்ச்சியான அடிமை' என்பது அன்றைய நாடக மேடைகளும் கேலிச் சித்திரங்களும் பரப்பிவந்த பொய். அந்தப் பொய்க்கு உதவும் ஒரு கீற்றைக்கூடத் தம் முகத்திலிருந்து தர அவர் விரும்பவில்லை.

1876இல் வாஷிங்டனில் லிங்கனுக்கு ஒரு நினைவுச் சிலை திறக்கப்பட்டது. விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் சேர்த்த பணத்தில் எழுந்தது அது. ஷார்லட் ஸ்காட் என்ற பெண்மணி கொடுத்த ஐந்து டாலரில் தொடங்கிய நிதி. சிலை எப்படி இருக்கவேண்டும் என்று முடிவு செய்யும் உரிமை மட்டும் பணம் கொடுத்தவர்களிடம் இல்லை. லிங்கன் நிற்கிறார், அவர் காலடியில் ஒரு கறுப்பின மனிதர் மண்டியிட்டிருக்கிறார். திறப்பு விழாவில் உரையாற்றிய டக்ளஸ், சில நாள் கழித்து ஒரு பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். நாலுகால் விலங்கைப்போல் முழங்காலில் கிடக்காமல், மனிதனாகத் தன் காலில் நிமிர்ந்து நிற்கும் கறுப்பின உருவத்தை ஒரு நினைவுச்சின்னத்தில் காணவேண்டும் என்பதே இறப்பதற்குமுன் தம் ஆசை என்றார். வெண்கலமும் வாதம் செய்யும் என்பதை அவர் அறிந்திருந்தார். அந்த வாதம் தம்முடையது இல்லை என்பதைப் பதிவு செய்துவைத்தார்.

ஒரு தாயின் முடிவு

இந்த விஷயத்தில் எனக்கு மிக முக்கியமாகப் படும் நிகழ்வு 1955இல் நடந்தது. சிகாகோவிலிருந்து மிசிசிப்பி மாநிலத்துக்கு உறவினர் வீட்டுக்கு வந்திருந்த 14 வயது எம்மட் டில்லை, கடையிலிருந்த வெள்ளைக்காரப் பெண்ணிடம் மரியாதையின்றி நடந்துகொண்டான் என்று சொல்லி ஆகஸ்ட் 28 அதிகாலையில் இருவர் தூக்கிச் சென்று அடித்துக் கொன்றார்கள். உடலை ஆற்றில் போட்டார்கள். சில நாள் கழித்துக் கிடைத்த உடல் பெட்டியில் வைத்து மூடப்பட்டு, திறக்கக்கூடாது என்ற நிபந்தனையோடு சிகாகோவுக்கு அனுப்பப்பட்டது.

அவனுடைய தாய் மேமி டில் பெட்டியைத் திறக்கச் செய்தார். திறந்த பெட்டியோடுதான் இறுதிச் சடங்கு நடக்கும் என்றார். சிதைந்த முகத்தை எதுவும் சரிசெய்யாமல் உலகம் பார்க்கட்டும் என்று முடிவெடுத்தார். மகன் உயிரோடிருந்தபோது எடுத்த படங்களையும் பெட்டியில் வைத்தார். எதைக் கெடுத்தார்கள் என்பது அந்தப் படங்களைப் பார்த்தால்தான் தெரியும். பல்லாயிரம் பேர் வரிசையில் நின்று பார்த்தார்கள். கறுப்பின வாசகருக்கான 'ஜெட்' வார இதழ் படத்தை வெளியிட்டது. நாடெங்கும் கறுப்பினக் குடும்பங்களின் கைகளுக்கு அது போய்ச் சேர்ந்தது.

அந்தத் தாய் செய்ததன் வலிமை எங்கே இருக்கிறது? கும்பல்கொலையைச் செய்தவர்களும் அதுவரை உடல்களைக் காட்டித்தான் பேசினார்கள். கொல்லப்பட்டவரைச் சுற்றி நின்று படம் எடுத்து, அஞ்சலட்டையாக அச்சிட்டு விற்றார்கள். கறுப்பினத்தவருக்கு அது மிரட்டல். மேமி டில் அதே வகைப் படத்தை எடுத்து, அது பேசும் திசையைத் திருப்பினார். மிரட்டலாக இருந்தது குற்றப்பத்திரிகை ஆயிற்று. படத்தைக் காட்டும் கை மாறினால் படத்தின் பொருள் மாறும் என்பதற்கு இதைவிட வலுவான சான்று எனக்குத் தெரியவில்லை.

அந்த வழக்கின் விசாரணையிலும் ஒரு கணம் உண்டு. எம்மட்டின் தாத்தா முறையான 64 வயது மோஸ் ரைட், சாட்சிக் கூண்டில் எழுந்து நின்று, கை நீட்டி, சிறுவனைத் தூக்கிச் சென்றவரைச் சுட்டிக் காட்டினார். வெள்ளையர்மீது கறுப்பினத்தவர் நீதிமன்றத்தில் குற்றம் சாட்டுவது மிசிசிப்பியில் உயிரோடு விளையாடும் செயல். விசாரணையின்போது படமெடுக்கத் தடை இருந்தும், எர்னஸ்ட் விதர்ஸ் என்ற கறுப்பின ஒளிப்படக் கலைஞர் அந்த நீட்டிய கையைப் பதிவு செய்துவிட்டார். முழுக்க வெள்ளையர் கொண்ட ஜூரி ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் எடுத்துக்கொண்டு இருவரையும் விடுவித்தது. மோஸ் ரைட் மிசிசிப்பியை விட்டே வெளியேறினார். கொலை செய்தது தாங்கள்தான் என்று அந்த இருவரும் அடுத்த ஆண்டு ஒரு பத்திரிகையிடம் பணம் வாங்கிக்கொண்டு ஒப்புக்கொண்டார்கள். தண்டிக்க முடியாது என்பது அவர்களுக்குத் தெரியும்.

உட்காருவதற்கும் பயிற்சி

1955 டிசம்பரில் மாண்ட்கமரியில் ரோசா பார்க்ஸ் பஸ் இருக்கையை விட்டுக்கொடுக்க மறுத்துக் கைதானதும், கறுப்பின மக்கள் 381 நாள் பஸ்களைப் புறக்கணித்ததும் பலருக்குத் தெரிந்த கதை. வெறும் இருக்கைகளோடு ஓடிய பஸ்களே அங்கே நடமாடும் சுவரொட்டிகள்.

அவ்வளவாகப் பேசப்படாதது, இந்தப் போராட்டங்களுக்குப் பின்னால் இருந்த பயிற்சி. ஜேம்ஸ் லாசன் என்ற இளம் மெதடிஸ்ட் ஊழியர் 1950களில் நாக்பூருக்கு வந்து தங்கி, காந்தியின் சத்தியாகிரக முறையைக் கற்றார். திரும்பிப் போய், டென்னஸி மாநிலத்தின் நாஷ்வில் நகரத்தில் மாணவர்களுக்குப் பட்டறைகள் நடத்தினார். பாதிப் பேர் வெள்ளையராக நடிப்பார்கள்: வைவார்கள், முகத்தில் புகை ஊதுவார்கள், நாற்காலியிலிருந்து இழுத்துத் தள்ளுவார்கள். மீதிப் பேர் திருப்பி அடிக்காமல் இருக்கப் பழக வேண்டும். அடிபடும்போது தலையை எப்படிக் காத்துக்கொள்வது, பக்கத்தில் அடிபடுபவரை எப்படி உடலால் மறைப்பது என்பவையும் பாடங்கள். நாஷ்வில் மாணவர்கள் அச்சிட்டுக் கொடுத்த விதிகளில், நேராக உட்காரு, எப்போதும் உணவு மேடையை (கடைக்குள் உட்கார்ந்து சாப்பிடும் நீண்ட மேசை) பார்த்தபடி இரு என்பதும் ஒன்று.

1960 பிப்ரவரி 1 அன்று வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோ நகரத்தில் நான்கு கல்லூரி மாணவர்கள் வுல்வொர்த் கடைக்குள் போனார்கள். ஒரு கவுண்ட்டரில் சில்லறைப் பொருள்கள் வாங்கினார்கள். கடை பணத்தைப் பெற்றுக்கொண்டது. பிறகு வெள்ளையருக்கு மட்டுமேயான உணவு மேடையில் அமர்ந்து காபி கேட்டார்கள். தரவில்லை. கடை மூடும்வரை உட்கார்ந்திருந்தார்கள். ஒரே கடை, அதே பணம், இரண்டு மேடைகள். அந்த முரண்பாட்டை விளக்க ஒரு கட்டுரை எழுதலாம். அவர்கள் ஒரு மேடையிலிருந்து இன்னொரு மேடைக்கு நகர்ந்தே விளக்கிவிட்டார்கள். சில நாள்களில் அங்கு நூற்றுக்கணக்கானோர் வந்தார்கள். போராட்டம் பல நகரங்களுக்குப் பரவியது.

உடையையும் கவனிக்க வேண்டும். மாணவர்கள் கோட்டும் டையும் அணிந்து, கையில் பாடப் புத்தகத்தோடு வந்தார்கள். அவர்களைச் சுற்றி நின்று கூச்சலிட்டவர்கள் வேறு கோலத்தில் இருந்தார்கள். இந்த வேறுபாட்டை எதிர்த்தரப்பே படித்துவிட்டது. நிறப் பிரிவினையை உரக்க ஆதரித்த ஜேம்ஸ் கில்பேட்ரிக் என்ற ரிச்மண்ட் பத்திரிகை ஆசிரியர், கோட்டு அணிந்து ஜெர்மன் கவிஞர் கதேயைப் படித்துக்கொண்டிருந்த கறுப்பின மாணவரையும் வெளியே இளித்துக்கொண்டு நின்ற வெள்ளை இளைஞர்களையும் ஒப்பிட்டுத் தம் தலையங்கத்தில் மனம் நொந்து எழுதினார். எதிராளி தன் கையாலேயே உங்கள் வாதத்தை எழுதிக் கொடுப்பதைவிடப் பெரிய வெற்றி எந்த மேடைப் பேச்சுக்கும் கிடைக்காது.

அந்த ஏப்ரல் 19 அன்று நாஷ்வில்லில், மாணவர்களுக்காக வாதாடிய வழக்கறிஞர் அலெக்சாண்டர் லூபியின் வீட்டில் குண்டு வெடித்தது. அன்றே ஆயிரக்கணக்கானோர் நகராட்சி மன்றத்துக்கு மௌனமாக நடந்து போனார்கள். அங்கே டயான் நாஷ் என்ற மாணவி மேயரிடம் நேராகக் கேட்டார்: நிறத்தைக் காரணமாக்கி ஒருவரை ஒதுக்குவது சரியா? மேயர் தவறுதான் என்று ஒப்புக்கொண்டார். மூன்று வாரத்தில் நாஷ்வில் உணவு மேடைகள் எல்லாருக்கும் திறந்தன. மௌனம் நெடுநேரம் சேர்த்துவைத்த எடை அந்த ஒற்றைக் கேள்வியில் இறங்கியது.

மெக்சிகோ நகரம், 1968 அக்டோபர் 16

ஒலிம்பிக் 200 மீட்டர் ஓட்டத்தில் அமெரிக்காவின் டாமி ஸ்மித் 19.83 விநாடியில் உலக சாதனை படைத்துத் தங்கம் வென்றார். ஆஸ்திரேலியாவின் பீட்டர் நார்மன் வெள்ளி, இன்னொரு அமெரிக்கரான ஜான் கார்லோஸ் வெண்கலம். அமெரிக்க தேசிய கீதம் ஒலித்தபோது ஸ்மித்தும் கார்லோஸும் தலை குனிந்து, கறுப்புக் கையுறை அணிந்த முஷ்டியை உயர்த்தினார்கள்.

எல்லாரும் அந்த முஷ்டியைத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். காலைப் பாருங்கள்: காலணி இல்லை, கறுப்புக் காலுறை மட்டும். கறுப்பினத்தவரின் வறுமையைக் குறிப்பது அது. ஸ்மித்தின் கழுத்தில் கறுப்புத் துணி. கார்லோஸின் கழுத்தில் மணிமாலை, கும்பல்களால் கொல்லப்பட்டவர்களின் நினைவாக. கார்லோஸின் மேற்சட்டையின் ஜிப் திறந்திருந்தது உழைக்கும் மக்களோடு தாம் நிற்பதைக் காட்ட. மூன்றுபேர் நெஞ்சிலும் 'மனித உரிமைக்கான ஒலிம்பிக் திட்டம்' என்ற, நிறவெறியை எதிர்த்த அமைப்பின் சின்னம். வெள்ளையரான நார்மன் அதைக் கேட்டு வாங்கி அணிந்துகொண்டார். இருந்தது ஒரே ஜோடிக் கையுறை. அதனால் ஸ்மித் வலக்கையையும் கார்லோஸ் இடக்கையையும் உயர்த்தினார்கள்.

இத்தனை அடுக்குகளையும் அரங்கில் இருந்தவர்கள் படித்திருக்க முடியுமா? முடியாது. கூச்சலும் ஏளனமும் எழுந்தன. சொல்லற்ற பேச்சின் பெரிய பலவீனம் இங்கே தெரிகிறது: சொல்பவர் தொடங்கிவைப்பதைப் பார்ப்பவர்தான் முடித்துவைக்கிறார். ஸ்மித் அதை அறிந்திருந்தார். அதனால்தான் பிறகு தொலைக்காட்சிப் பேட்டியில் ஒவ்வொரு குறியையும் விளக்கினார். ஆனாலும் 'கறுப்பு அதிகார வணக்கம்' என்ற ஒற்றைப் பொருளே நிலைத்தது. அது மனித உரிமைக்கான சைகை என்று அவர் பிற்காலத்தில் திரும்பத் திரும்பச் சொல்ல நேர்ந்தது.

சர்வதேச ஒலிம்பிக் குழுத் தலைவர் ஏவரி பிரண்டேஜின் அழுத்தத்தில் இருவரும் அணியிலிருந்து நீக்கப்பட்டு, ஒலிம்பிக் கிராமத்திலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். ஒலிம்பிக்கில் அரசியல் கூடாது என்பது காரணம். ஆனால் தேசிய கீதமும் கொடியும் அரசியல் இல்லையா? 1936 பெர்லினில் நாஜி வணக்கம் செலுத்தப்பட்டபோது அமெரிக்க ஒலிம்பிக் குழுவின் தலைவராக இருந்தவர் இதே பிரண்டேஜ். அதற்கு அவர் மறுப்புத் தெரிவிக்கவில்லை. பழகிய குறிகள் கண்ணுக்குத் தெரிவதில்லை, பழகாதவை மட்டுமே 'அரசியல்' ஆகின்றன.

ஒரே முழங்கால், வேறு வேறு பொருள்

2016இல் கோலின் கேப்பர்னிக் என்ற 'அமெரிக்கன் ஃபுட்பால்' வீரர், போலீஸார் கறுப்பினத்தவரைக் கொல்வதை எதிர்த்து, தேசிய கீதத்தின்போது எழாமல் உட்கார்ந்திருந்தார். முன்னாள் ராணுவ வீரரும் அதே ஆட்டத்தை ஆடியவருமான நேட் பாயர் அவரைச் சந்தித்து, மாண்ட தோழனின் கல்லறைமுன் படைவீரர்கள் ஒரு முழங்காலில் நிற்பதுண்டு, அப்படிச் செய்யலாமே என்றார். செப்டம்பர் முதல் தேதியிலிருந்து கேப்பர்னிக் முழங்காலிட்டார். மரியாதை குறையக்கூடாது என்பதற்காகவே தேர்ந்தெடுத்த சைகை அது. எதிர்த்தவர்களோ கொடிக்கும் ராணுவத்துக்கும் அவமதிப்பு என்றார்கள். போலீஸ் வன்முறை பற்றிய கேள்வி பின்னால் போய், கொடியைப் பற்றிய சண்டையே நாடெங்கும் நடந்தது. அந்தப் பருவத்துக்குப் பின் எந்த அணியும் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. சைகையைத் தடுக்க முடியாதபோது அதன் பொருளைக் கைப்பற்றிவிடுவது எதிர்த்தரப்பின் உத்தி. இங்கே அது பெரிதும் பலித்தது.

பிறகு 2020 மே 25. மினியாபொலிஸில் ஒரு போலீஸ் அதிகாரி ஜார்ஜ் ஃபிளாய்டின் கழுத்தில் ஒன்பது நிமிடங்களுக்கும் மேலாக முழங்காலை ஊன்றிக் கொன்றார். அடுத்த வாரங்களில் போராட்டக்காரர்கள் மண்டியிட்டார்கள். சில நகரங்களில் போலீஸாரும் அவர்களோடு மண்டியிட்டார்கள். இங்கிலாந்தின் கால்பந்து மைதானங்களிலும் ஆட்டம் தொடங்குமுன் வீரர்கள் மண்டியிட்டார்கள். 1787இன் பதக்கத்தில் அந்த முழங்கால் இரக்கம் கேட்டது. 2016இல் துக்கமும் மறுப்புமாக இருந்தது. மினியாபொலிஸ் தெருவில் அது கொலைக் கருவி. போலீஸார் மண்டியிட்டபோது சிலர் அதில் ஒற்றுமையைக் கண்டார்கள். மறுநாள் அதே போலீஸ் கண்ணீர்ப்புகை வீசியதைக் கண்டவர்கள் வெறும் காட்சி என்றார்கள். சைகைக்கு அகராதி கிடையாது. யார், யார்முன்னால், எதற்குப் பிறகு செய்கிறார் என்பவற்றைச் சேர்த்துத்தான் பொருள் காண முடியும்.

இந்த வழிக்கு ஒரு விலையும் உண்டு. ரோசா பார்க்ஸ் கைதாவதற்கு ஒன்பது மாதம் முன்பே, அதே நகரத்தில் கிளாடெட் கோல்வின் என்ற 15 வயது மாணவி இருக்கையை விட மறுத்துக் கைதானார். தலைவர்கள் அவரை முன்னிறுத்தவில்லை. வயதும் பின்னர் அவர் கருவுற்றதும் காரணங்களாகச் சொல்லப்பட்டன. காட்சிக்கு ஏற்ற முகம் வேண்டும் என்று தேடும்போது, அந்தக் காட்சிக்குள் பொருந்தாதவர்களின் துணிச்சல் பின்னுக்குப் போகிறது. அலபாமாவின் பர்மிங்ஹாமில் 1963 மே மாதம் போலீஸ் நாய் ஓர் இளைஞன்மீது பாயும் படமும் உலகைக் குலுக்கியது. பலரும் அதில் எதிர்க்காமல் நிற்கும் பலியை மட்டுமே கண்டார்கள். உற்றுப் பார்த்தால் அவன் முழங்கால் நாயை நோக்கி உயர்ந்திருக்கிறது. வெள்ளையரின் இரக்கத்தை எழுப்பும் படங்களே அதிகம் அச்சாயின என்று சில ஆய்வாளர்கள் சுட்டுவதை நான் ஏற்கிறேன். 1917இன் வெள்ளை உடைக்கும் 1960இன் கோட்டுக்கும் இதே கேள்வி உண்டு: கோட்டு இல்லாதவனுக்கு அந்த இருக்கையில் உரிமை இல்லையா? மாணவர்கள் அப்படி நினைத்து உடுத்தவில்லை. ஆனால் பார்ப்பவர் அப்படியும் படித்துக்கொள்ள இடமிருந்தது.

ஸ்மித்தும் கார்லோஸும் 2019இல் அமெரிக்க ஒலிம்பிக் குழுவின் புகழ் மண்டபத்தில் சேர்க்கப்பட்டார்கள். 2020 டிசம்பரில், அமைதியாக நீதி கோரும் வீரர்களை இனித் தண்டிப்பதில்லை என்று அந்தக் குழு அறிவித்தது. சர்வதேச ஒலிம்பிக் குழு அவ்வளவு தூரம் வரவில்லை. டோக்கியோ போட்டிகளுக்குமுன் 2021 ஜூலையில் அது விதியைச் சற்றுத் தளர்த்தியது: ஆட்டம் தொடங்குமுன் மைதானத்தில் சைகை காட்டலாம், பதக்க மேடையில் கூடாது. மகளிர் கால்பந்து அணிகள் சில முதல் நாளே மண்டியிட்டன. குண்டு எறிதலில் வெள்ளி வென்ற ரேவன் சாண்டர்ஸ் பதக்க மேடையிலேயே இரு கைகளையும் தலைக்குமேல் பெருக்கல் குறிபோல் கோத்துக் காட்டினார். ஒடுக்கப்பட்டோர் எல்லாரும் சந்திக்கும் இடம் அது என்று விளக்கினார். சர்வதேசக் குழு விசாரணை தொடங்கியது. இரண்டு நாளில் சாண்டர்ஸின் தாய் இறந்துவிட, அதை நிறுத்திவைத்தது. வீரர் பேட்டி தரலாம், சமூக ஊடகத்தில் எழுதலாம், எதையும் சொல்லலாம். கொடி ஏறும் அந்த ஒரு நிமிடம் மட்டும் கையை உயர்த்தக்கூடாது என்றது விதி.